மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளை கைனேசு படிக்கலாமா?

அம்மா, மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி போதாது. அவளோ ‘கலத்துக்குள்ளே கைனேசு எப்படிச் செய்தி கடத்துது என்று படிக்கப் போறேன்’ என்கிறாள். இதற்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், அவள் எதைச் சொல்கிறாள் என்று பார்ப்போம். கைனேசு என்று இங்கே சொல்வது, பொசுபேற்று என்ற சிறு இரசாயனத் துண்டை வேறு புரதங்களில் ஏற்றி அவற்றின் வேலையை மாற்றும் நொதியத்தை.

மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது. ஆஸ்பத்திரியில் தொடைத் தசையில் அரை மில்லிகிராம் அதிரினலின் ஏற்றுகிறார்கள். அந்த மருந்து சுவாசக்குழாய்த் தசைக் கலத்துக்குள் நுழைவதே இல்லை. வெளியே மென்சவ்வில் உள்ள, செய்தியைப் பிடிக்கும் வாங்கி என்ற புரதத்தில் ஒட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் உள்ளே சக்கர ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகி, புரதக் கைனேசு ஏ-யைக் கட்டிவைத்திருக்கும் துண்டுகளைப் பிடித்து அதை விடுவிக்கிறது. கைனேசு, தசைச் சுருக்கத்தை நடத்தும் புரதங்களில் பொசுபேற்றை ஏற்ற, தசை தளர்கிறது.

‘வளரு, பிரி’ என்ற செய்திக்குக் கலத்துக்குள் நான்கு புரதங்களின் வேறு வரிசை, அதில் ராஸ் தவிர மற்ற மூன்றும் கைனேசுகள்: ராஸ், ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் ஏர்க்கை, ஏர்க் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கிவிடும். இங்கே பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை, ஒரே பொசுபேற்று கைக்குக் கை மாறிப் போகிறது என்று எழுதுவது. அப்படியல்ல. ஒவ்வொரு கைனேசும் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அடுத்ததில் ஏற்றுகிறது. அதனால்தான் விழித்த ஒரு ராஃப் பல மெக்குகளை எழுப்ப முடிகிறது. மெக், ஏர்க்கில் ஒரு திரியோனீன், ஒரு தைரோசீன் என இரண்டு அமினோ அமிலங்களிலும் ஏற்றினால்தான் ஏர்க் முழுதாக விழிக்கும். ஏற்றியதை இறக்க பொசுபற்றேசுகள் இருக்கின்றன. ராஃபின் ஒரு வகையான பி-ராஃபில் 600ஆவது இடத்து அமினோ அமிலமான வேலின் மாறிவிட்டால் ராஸ் சொல்லாமலே அது விழித்தே கிடக்கும். மெலனோமா என்ற தோற்புற்றுநோயில் ஏறக்குறைய பாதியில் பி-ராஃப் மாற்றம்தான் காணப்படுகிறது.

‘எதற்கு மூன்று படி? யார் அணைக்கிறது?’ என்று மகளிடம் கேளுங்கள். தடுமாறினாலும் தன் சொல்லில் விளக்க முயன்றால் ஆசை உண்மையானது. ‘நல்ல பாடம், ஸ்கோப் இருக்கு’ என்று மட்டும் சொன்னால் யோசிக்க வேண்டும்.

இந்த வேலை ஆய்வுகூடத்தில் மிகவும் பொறுமை கேட்பது. ஏர்க் விழித்ததா என்று பார்க்க, கலங்களைப் பனிக்கட்டிமேல் வைத்தே உடைக்க வேண்டும். பொசுபற்றேசைத் தடுக்கும் மருந்தும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கவேண்டிய பொசுபேற்றே கழன்றுவிடும். பிறகு, புரதங்களை ஒரு சவ்வில் ஒட்டவைத்து, வேண்டியதை மட்டும் தேடிப் பார்க்கும் முறை வெஸ்டர்ன் புளொட். அந்தச் சவ்வின் வெற்றிடங்களை மூட பால்மா கரைசல் ஊற்றுவார்கள். பொசுபேற்றைத் தேடும்போது அது சில நேரம் காலைவாரும், பாலின் புரதமான கேசீனிலேயே பொசுபேற்று உண்டு. அதற்குப் பதில் அல்புமின் என்ற புரதத்தின் கரைசல் ஊற்றுவது பாதுகாப்பு.

இனி வேலை. பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்பத் துறை இருக்கிறது. ஆனால் பீடத்துக்குள் போனதும் சிறப்புப் பட்டம் தானாகக் கிடைக்காது, ஆரம்ப ஆண்டுப் புள்ளிகளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நிரந்தர வேலைதான் குறி என்றால் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்தை விருப்ப வரிசையில் மேலே போடுங்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மூலக்கூற்று உயிரியலுக்குத் தனியார் நோயறி ஆய்வுகூடங்கள், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்கள், ஆசிரியத் தொழில், வெளிநாட்டு மேற்படிப்பு என்று வழி உண்டு. இடங்கள் குறைவு, போட்டி உண்டு, மறைக்கவில்லை.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை மிக முக்கியம். அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. கடந்த வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து பிடித்ததைக் கீழே தள்ள வேண்டாம்.

கம்பஸில் விரிவுரை ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் முதல் வருடத்தில் விழுவது பெரும்பாலும் அங்கேதான், உயிரியலில் அல்ல. அழைப்பு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் தினமும் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் கல உயிரியல் படித்து, அதை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.