கேடயத்தில் ஒரு கறுப்பர் தலை

கேள்வி: ஜெர்மனியின் கோபுர்க் ஊர்ப் படங்களில், தெருவிலுள்ள சாக்கடை மூடியில்கூட ஒரு கறுப்பரின் தலை இருக்கிறதே, யார் அவர்?

பதில்: ஊரின் காவல் புனிதர் மொரீஷியஸ், ஜெர்மானியருக்கு மொரிட்ஸ். எகிப்தின் தீப்ஸ் பகுதியிலிருந்து வந்த ரோமானியப் படையின் தலைவர் என்றும், 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்றைய சுவிட்சர்லாந்தில் தம் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார் என்றும் மரபு சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மாக்டபுர்க் பேராலயச் சிற்பி அவரை ஆப்பிரிக்க முகத்தோடு செதுக்கினார். அதன்பின் அவரைக் கறுப்பராகக் காட்டுவது ஜெர்மனியில் வழக்கமானது. கோபுர்க்கின் பெரிய தேவாலயமும் மொரிட்ஸ் பெயரில்தான் இருக்கிறது.

பொன்னிறக் கேடயத்தில் கறுப்புத் தலை, சிவந்த உதடு, பொன் காதணி: இதுதான் ஊரின் சின்னம். காதணிக்கும் புனிதர் கதைக்கும் தொடர்பில்லை. 'மூர்' (கறுப்பருக்கு ஐரோப்பியர் வைத்த பழைய பெயர்) என்றால் இப்படித்தான் என்ற ஐரோப்பிய ஓவியர்களின் கற்பனை அது. 2020-இல் சின்னத்தை மாற்றக் கோரி மனுக்கள் வந்தபோது இதுவும் வாதத்துக்கு வந்தது. தலையை நீக்குவது புதிதல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1929-இலேயே நகர மன்றத்தில் நாஜிகளுக்குப் பெரும்பான்மை கொடுத்த ஊர் இது. 1934-இல் கறுப்பர் தலையை எடுத்துவிட்டு, பிடியில் ஸ்வஸ்திகா பொறித்த வாளை வைத்தார்கள். 1945-இல் மொரிட்ஸ் திரும்பிவந்தார்.

நகர மன்றக் கட்டடத்தின் உச்சியிலும் அவர் நிற்கிறார். கையில் இருப்பது தளபதியின் கோல். ஊராருக்கு அது 31 செ.மீ. நீளத் தொத்திறைச்சியின் (சாசேஜ்) அளவுகோல்!

கேள்வி: இப்படிப்பட்ட சின்னங்கள் பொறித்த முத்திரையில் நிறம் இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கோடுகளைப் பாருங்கள். புள்ளி என்றால் பொன், வெறுமை வெள்ளி, நெடுக்குக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் குறுக்கிட்டால் கறுப்பு. இந்த முறை 17-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முந்தைய முத்திரையில் உள்ள புள்ளியும் கோடும் வெறும் அலங்காரமாக இருக்கலாம், அவற்றை வைத்து நிறம் சொன்னால் தப்பாகிவிடும். வலமும் இடமும் குழப்பும்: கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலப்பக்கமே வலம், நமக்கு அது இடம்.

கேள்வி: கோபுர்க் சின்னத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்கலாமா?

பதில்: அனுமதியில்லாமல் கூடாது. கோபுர்க் பவேரியா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஊரின் சின்னத்தைப் பிறர் பயன்படுத்த அந்த ஊர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.