இருபது புத்தகம் வாங்கியாச்சு, ஒன்றையும் முடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 38. புத்தகத் திருவிழாவில் வருடா வருடம் வாங்கியதில் இருபது புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. வாழ்க்கையின் அர்த்தம், பழக்கங்கள், மேடைப் பேச்சு, பண நிர்வாகம், வீட்டு ரிப்பேர் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. எதிலும் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. படித்ததும் மனதில் நிற்கவில்லை. எந்த வரிசையில் படிப்பது? 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்பது உண்மையா? எட்டாவது படிக்கும் மகனுக்கு இவற்றில் எதைக் கொடுக்கலாம்?

பதில்: வரிசையைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். உங்களிடம் இருப்பவை இரண்டு வகைப் புத்தகங்கள். ஒரு வகை, எதற்காக வாழ்கிறோம் என்று கேட்பது. இன்னொன்று, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று காட்டுவது. இரண்டையும் நாவல் படிப்பதுபோல முதல் பக்கத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கத்தான் செய்யும்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபதையும் தரையில் பரப்பிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பொருளடக்கம், முன்னுரை, கடைசி அத்தியாயம் மட்டும் பாருங்கள். ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் போதும். வாசிப்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் மார்ட்டிமர் ஆட்லர், ஊன்றிப் படிப்பதற்கு முன்னால் இப்படி ஒரு மேலோட்டப் பார்வையைத் தனிப் படியாகவே வைத்திருந்தார். பழக்கம், நேர மேலாண்மை பற்றிய புத்தகங்களில் பல சொன்னதையே திருப்பிச் சொல்வது அப்போதே தெரிந்துவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கட்டி மேலே போட்டுவிடலாம், பாவமில்லை.

திறன் சொல்லும் புத்தகத்தைத் தேவை வரும்போது, தேவைப்படும் அத்தியாயத்தில் திறப்பதுதான் சரி. அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ மீட்டிங் இருக்கிறதா? மேடைப் பேச்சுப் புத்தகத்தில் 'எப்படித் தொடங்குவது' என்ற பகுதியை மட்டும் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஷிப்மென்ட் தாமதம் என்ற செய்தியை முதல் இரண்டு வாக்கியத்தில் எப்படிச் சொல்வீர்கள்? அதை வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பாருங்கள். மீட்டிங் முடிந்த அன்றே, எது எடுபட்டது, எங்கே தடுமாறினீர்கள் என்று அந்த அத்தியாயத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

மூடிவைத்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை நான்கு சுற்று திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், படித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். படித்தவுடன் எல்லாம் புரிந்ததுபோலத் தோன்றி, அடுத்த வாரம் காணாமல் போவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

21 நாள் கணக்கு உண்மையில்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் வெளிவந்த புத்தகத்தில், அறுவை சிகிச்சைக்குப் பின் மாறிய முகம் பழகக் 'குறைந்தது' சுமார் 21 நாள் ஆகிறது என்ற பொருளில் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் ஓடுவது போன்ற பழக்கங்கள் தானாக வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, 22-ஆம் நாள் பழக்கம் வரவில்லையே என்று புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம்.

பணப் புத்தகங்களில் அச்சான ஆண்டையும் நாட்டையும் முதலில் பாருங்கள். அமெரிக்க ஓய்வூதியக் கணக்கு பற்றிய அத்தியாயத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை. உள்ளூர்ப் புத்தகமும் பழசாகும். வருமான வரியின் 80சி பிரிவில் 1.5 லட்சம் கழிக்கலாம் என்பதையே மையமாக வைத்து எழுதியது என்றால் ஜாக்கிரதை. 2023-24 நிதியாண்டு முதல், நீங்களாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய வரி முறைதான் பொருந்தும். அதில் அந்தக் கழிவு கிடையாது.

இனி அர்த்தம் தேடும் புத்தகங்கள். இவற்றில் ஒரே ஒன்றைத்தான் இந்த வருடம் படிக்கச் சொல்வேன்: விக்டர் ஃபிராங்கல் எழுதிய 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்'. உங்கள் அடுக்கில் இல்லையென்றால் நூலகத்தில் கேளுங்கள். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர். ஆஷ்விட்ஸ் உட்பட நான்கு நாஜி வதைமுகாம்களில் இருந்து பிழைத்தவர். முன்பாதி முகாம் அனுபவம், 1945-இல் ஒன்பதே நாளில் எழுதியது; பின்பாதி அவருடைய சிகிச்சை முறை, பிற்பாடு சேர்த்தது. முன்பாதியைத் தினம் சில பக்கமாகப் படியுங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். பின்பாதியில், அர்த்தம் மூன்று வழியில் கிடைக்கலாம் என்கிறார்: செய்யும் வேலை, நேசிக்கும் மனிதர் அல்லது அனுபவம், தவிர்க்க முடியாத துன்பத்தை நாம் ஏற்கும் விதம். 'தவிர்க்க முடியாத' என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீக்கக்கூடிய துன்பம் என்றால் அதன் காரணத்தை நீக்குவதுதான் அர்த்தமுள்ள செயல் என்று அவரே தெளிவாகச் சொல்கிறார். பலர் அதைத் தாண்டிப் போய்விட்டு, ஆபீஸ் கொடுமையைப் பல்லைக் கடித்துச் சகித்துக்கொள்வதற்கு ஃபிராங்கலைத் துணைக்கு இழுக்கிறார்கள். இரவு பத்து மணி வரை வேலை வாங்கும் மேலாளர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஒரே நேரத்தில் அர்த்தம் ஒன்று, திறன் ஒன்று, அவ்வளவுதான் மேஜையில் இருக்கட்டும். முந்தையது காலையில், பிந்தையது வேலை வரும்போது.

மகனுக்கு முன்னேற்றப் புத்தகம் எதையும் இப்போது கொடுக்காதீர்கள். அப்பா கொடுத்தாலே அறிவுரை வாசனை அடிக்கும். வீட்டு ரிப்பேர் புத்தகத்தைக் கொடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் நிற்க, சீலிங் ஃபேன் கெப்பாசிட்டரை அவனே மாற்றட்டும். ஃபிராங்கலைப் பிளஸ் டூவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.