பிஎம்டபிள்யூ என்52 எஞ்சின் சூடேறினால் முதலில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாதீங்க

அண்ணே, பாம்பன் பாலத்தில் எஞ்சின் சூட்டுக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தது, நிறுத்தி எடுத்ததும் போயிடுச்சு, கூலன்ட் குறையல என்கிறீங்க. இந்த எஞ்சின் உள்ள 2008 மாடல் பிஎம்டபிள்யூ 525ஐ-யில் இந்த மூணும் சேர்ந்தா ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்பு) விட, கூலன்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப் மேல்தான் சந்தேகம். இதில் பெல்ட் சுழற்றும் பம்ப் கிடையாது, மின்சார மோட்டார். ஒழுகாமலே, சொல்லாமலே நின்னுடும். ஸ்கேனரில் பம்ப் கோளாறைக் காட்டும் 2ஈ81, 2ஈ82 (2E81, 2E82) கோடு இருக்கான்னு பாருங்க.

பம்ப்போடு தெர்மோஸ்டாட்டையும் மாத்திடுங்க, கூலி ஒண்ணுதான்.

பம்ப்பைப் பிடிக்கும் போல்ட்டில்தான் பலர் கோட்டை விடுறாங்க. எஞ்சின் பிளாக்கின் வெளிப்பகுதி மக்னீசியக் கலவை, அதனால் போல்ட் அலுமினியம். ஒரு தடவை முறுக்கினா நீண்டுடும். புதுசுதான் போடணும், 10 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, பிறகு இன்னும் 90 டிகிரி திருப்பணும். ஸ்டீல் போட்டா நம்ம உப்புக்காத்துக்கு மக்னீசியம் அரிச்சே போகும்.

போர் தண்ணி ஊத்தவே கூடாது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. கூலன்ட் ஊத்தினதும் உள்ளே மாட்டின காத்தை எடுக்க: பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, இக்னிஷன் ஆன், ஹீட்டர் முழுச் சூடு, ஃபேன் குறைந்த வேகம், ஆக்சிலரேட்டரை 10 விநாடி முழுசா மிதிங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. பம்ப் 12 நிமிஷம் தானா ஓடி நிற்கும். அப்புறம் கூலன்ட் அளவு பாருங்க.