எண்டர்ஸ் கேம்: போர் அறை புரியாத மகளுக்கு

வணக்கம் சார். எட்டாவது படிக்கும் உங்கள் மகள், போர் அறைக் காட்சிகள் புரியாமல் 'எண்டர்ஸ் கேம்' நாவலைப் பாதியில் மூடிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். விட்டுவிடாதீர்கள், கதையின் நாயகனான சிறுவன் எண்டரின் மூளை தெரிவதே அங்கேதான்.

போர் அறை என்பது, விண்வெளியில் உள்ள ராணுவப் பள்ளியில் சிறுவர்கள் அணி அணியாக மோதிப் பயிற்சி எடுக்கும் கூடம். அந்த அறையில் எடை கிடையாது. மேல், கீழ் எல்லாம் நாம் வைத்துக்கொள்வதுதான். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போங்கள். கரையில் நின்று, எதிரே தெரியும் மைய மண்டபம் தன் காலுக்கு நேர் கீழே இருப்பதாக நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்டர் செய்வது இதைத்தான். எதிரியின் வாசல்தான் கீழே என்று வைத்துக்கொண்டு, காலை முன்னே விட்டுப் பாய்கிறான். சுடுகிறவனுக்குக் கிடைப்பது பாதம் மட்டும்தான். அங்கே சுடப்பட்ட இடத்தில் உடுப்பு விறைத்து உறைந்துவிடும்; அப்படி உறைந்த காலே கேடயமாகிவிடும். எனக்கு இன்றும் சிலிர்க்கிற இடம்.

அப்புறம், அடுத்ததாக 1999இல் வந்த 'எண்டர்ஸ் ஷேடோ' கொடுங்கள். இதே கதைதான், பீன் என்ற பொடியன் பார்வையில். எண்டரின் கதையைத் தொடரும் 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்' நாவலைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு படிக்கட்டும்.