பைப் பெண்டு ஓட்டை விழுந்தா உடனே 316 எஸ்எஸ்-க்கு ஓடாதீங்க

கேள்வி: ஐயா, தேவகோட்டை பக்கம் சின்னதா ரைஸ் மில் வச்சிருக்கோம். நெல் ஊறப்போடுற தொட்டிக்கு சுடுதண்ணி சுத்திவிடுற எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) பைப் லைன்ல ஒவ்வொரு பெண்டா, அதாவது பைப் வளைவா, ஓட்டை விழுது, பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் சக்கரமும் அரிச்சுப்போச்சு. போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல. "இப்ப இருக்குற 304 ரக எஸ்எஸ் உங்க தண்ணிக்கு தாங்காது, எல்லாத்தையும் விலை கூடின 316 ரகமா ஆக்கிடுங்க"ன்னு டீலர் சொல்றார். காந்தம் ஒட்டல, அதனால பழசு ஒரிஜினல் 304 தான்னு சத்தியம் வேற பண்றார். மாத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு மாத்தாதீங்க. நீங்க அனுப்பின போட்டோவுல அந்த வெட்டி எடுத்த பெண்டை நல்லா பெரிசு பண்ணி பாத்தேன். வெளி வளைவு மட்டும்தான் தாள் கணக்கா மெலிஞ்சிருக்கு, உள் வளைவு அப்படியே இருக்கு. தேஞ்ச இடம் பளபளன்னு இருக்கு, துரு ஒரு பொட்டுகூட இல்ல, லாடம் அச்சு குத்தின மாதிரி சின்னச் சின்ன குழி, எல்லாம் ஒரே திசை பாத்து நிக்குது. இது தண்ணியோட வேகமும் அதுல வர்ற மண்ணும் உமியும் சேந்து பண்ற வேலை. எஸ்எஸ் துருப்பிடிக்காம இருக்கறதுக்கு காரணமே அது மேல கண்ணுக்கு தெரியாம இருக்குற குரோமியம் ஆக்சைடு படலம்தான், அது சுரண்டுப்பட்டா தானா திரும்ப வந்துடும், ஆனா வர்றதுக்குள்ள அடுத்த மண்ணு வந்து சுரண்டினா என்ன பண்ணும் பாவம். 316-ல மாலிப்டினம் 2, 3 சதவீதம் இருக்கும், அது உப்பை எதிர்க்கும், மண்ணை எதிர்க்காது. 304-ஐ விட அது ஒண்ணும் கடினமான உலோகம் கிடையாது. காசு அதிகம் குடுத்து அதே எடத்துல அதே ஓட்டையைத்தான் வாங்குவீங்க.

தொட்டியிலேந்து பம்புக்கு வர்ற வாய்ல ஒரு நல்ல வலை போடுங்க, வாரம் ஒரு தடவை கழுவுங்க. குட்டை பெண்டை எடுத்துட்டு நீள வளைவு பெண்டு போடுங்க, பைப்பை ஒரு சைஸ் பெரிசாக்குங்க. வேகம் பாதியா குறைஞ்சா தேய்மானம் நாலுல ஒரு பங்குக்கும் கீழ போயிடும்.

இம்பெல்லர் கதை வேற. அது தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கு, பம்ப் ஓடும்போது கூழாங்கல் உருளுற சத்தம் வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. 70 டிகிரி தண்ணியை பள்ளத்துலேந்து பம்ப் மேல இழுக்குதுன்னா சக்ஷன்ல, அதாவது பம்ப் உறிஞ்சுற வாய்ல, அழுத்தம் குறைஞ்சு தண்ணி கொதிச்சு குமிழாகும், அந்த குமிழ் இம்பெல்லர் மேல வெடிச்சு வெடிச்சு உலோகத்தை பேத்து எடுக்கும். அந்த சூட்டுல மட்டும் இழுக்குற உயரத்துல சுமார் 3 மீட்டர் போயிடும். பம்பை தொட்டிக்கு கீழ இறக்கி வைங்க, அவ்வளவுதான்.

இப்ப அந்த காந்தத்துக்கு வர்றேன், இதை கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வருது. காந்தம் ஒட்டலைன்னா 304-னு யார்தான் கிளப்பிவிட்டாங்களோ! 304-ல நிக்கல் 8 சதவீதம் இருக்கணும். பட்டறையில ஜே4-னு சொல்ற 200 வரிசை தகட்டுல நிக்கல் 1 சதவீதம் கிட்டதான், மிச்சத்துக்கு மாங்கனீசை ஏத்தியிருப்பாங்க. அதுலயும் காந்தம் ஒட்டாது. பாத்திரம் பண்ண அது தப்பில்ல, 304 விலையில விக்கறதுதான் திருட்டு.

ஆனா ஒண்ணு, இதையே திருப்பிப்போட்டு "காந்தம் ஒட்டுது, அப்ப டூப்ளிகேட்"னு போய் சண்டை போட்டுடாதீங்க. அசல் 304-ஐயே வளைச்சா, அடிச்சா, அந்த வளைஞ்ச எடத்துல லேசா காந்தம் பிடிக்கும். பெண்டுல பிடிக்கும், தொட்டி அடி குவிஞ்ச ஓரத்துல பிடிக்கும், வெல்டிங் மேல பிடிக்கும், ஏன்னா வெல்டிங் உலோகத்துல வேணும்னே கொஞ்சம் ஃபெரைட் (காந்தம் பிடிக்கிற இரும்பு அமைப்பு) விடுவாங்க, இல்லேன்னா விரிசல் விடும். சமதளத் தகட்டுல பிடிக்காம வளைவுல மட்டும் இழுத்தா அதை வச்சு குத்தம் சொல்ல முடியாது. ஆக ஒட்டினாலும் ஒட்டாட்டியும் காந்தம் உங்களுக்கு பதில் சொல்லாது. 9 வோல்ட் பேட்டரியோட ஒரு சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கிடைக்குது, மாங்கனீசு ஜாஸ்தின்னா சட்டுனு சிவக்கும். இன்னும் உறுதி வேணும்னா எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்ரே அடிச்சு உலோகக் கலவையை அளக்குறது) வச்சிருக்குற லேப்ல ஒரு துண்டை குடுங்க, நிக்கல் எவ்வளவுன்னு எண்ணாவே சொல்லிடும்.

டெஸ்ட் சர்டிபிகேட்னு டீலர் ஒரு ஜெராக்ஸ் நீட்டுவார். அதுல இருக்குற ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்த தகடுன்னு காட்டுற எண்) தகட்டு மேல அச்சடிச்சிருக்கற நம்பரோட ஒத்துப்போகுதான்னு வெட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க, ஒரே ஜெராக்ஸை வச்சு ஊரெல்லாம் வித்துக்கிட்டிருக்காங்க. கடன், மானியம்னு போனா மூணு கொட்டேஷன் கேப்பாங்க, முத்திரை இல்லேன்னா திருப்பி அனுப்புவாங்க, தகட்டுல நிக்கல் இருக்கான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி வந்த செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம்ம காரைக்குடியிலதான் இருக்கு, துருவை ஆராயுற ஊர் இது, இங்கயே காந்தத்தை வச்சு தகடு வாங்குறோம்னா எங்க போய் முட்டிக்கிறது.

316 தேவைப்படவே படாதான்னா, தண்ணியைப் பொறுத்தது. எல்லா போர்வெல்லயும் நம்ம காரைக்குடி சம்பை ஊத்து மாதிரி நல்ல தண்ணி வராது. தண்ணியோட உப்புல இருக்குற குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம் தாண்டினாலே 304 வெல்டிங் ஓரத்துல ஊசிக்குத்து மாதிரி ஓட்டை வர வாய்ப்பிருக்கு, உங்க மாதிரி 60 டிகிரிக்கு மேல சூடுன்னா அதுக்கும் கம்மியிலயே வரும், கூடவே கிளை கிளையா விரிசலும் விடலாம். போட்டோவுல உங்க வெல்டிங் ஓரம் சுத்தமா இருக்கு. இருந்தாலும் போர் தண்ணியை டெஸ்டுக்கு குடுத்து குளோரைடு எவ்வளவுன்னு மட்டும் எனக்கு எழுதுங்க, அதுவரைக்கும் டீலருக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.