ஸ்விட்சுக்கு 23, குழப்பமான ஃபங்ஷனுக்கு 5: எண் எங்கே தவறுகிறது?

22 கேஸ் உள்ள எளிய ஸ்விட்ச், ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் இஎஸ்லிண்ட்டில் சிக்கல் அளவாக 23 வாங்கி பில்டை நிறுத்துகிறது; யாருக்கும் புரியாத ஃபங்ஷன் 5 வாங்கித் தப்பிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கருவியில் பிழை இல்லை. அது பயன்படுத்தும் சைக்ளமேட்டிக் அளவு, கோடு பிரியும் கிளைகளை மட்டும் எண்ணி 1 கூட்டும். ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் ஆழம் அதன் கண்ணில் படாது.

உங்கள் இரண்டாவது ஃபங்ஷனையே பாருங்கள்: இஃப், அதற்குள் ஃபார், அதற்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப். சைக்ளமேட்டிக் 4+1=5. படிப்பவருக்குப் புரிவது எவ்வளவு கடினம் என்று கணிக்கும் காக்னிட்டிவ் அளவில் ஒவ்வொரு ஆழத்துக்கும் கூடுதல் சுமை உண்டு: 1+2+3+4=10. ஸ்விட்ச் முழுவதற்கும் அங்கே 1 மட்டுமே.

இஎஸ்லிண்ட்டில் சோனார்ஜேஎஸ் பிளகினைச் சேர்த்து காக்னிட்டிவ் விதியை எரராக வையுங்கள். இயல்பு வரம்பு 15. உங்கள் கோடுக்கு 10 வைப்பதே நல்லது, ஆனால் மேலே உள்ள ஃபங்ஷன் சரியாக 10 என்பதால் அப்போதும் தப்பிவிடும். அதைப் பிடிக்க, ஆழத்துக்கு வரம்பு வைக்கும் மேக்ஸ்-டெப்த் விதியில் 3 கொடுங்கள். சைக்ளமேட்டிக்கைத் தூக்கிவிட வேண்டாம், வார்னிங்காக இருக்கட்டும்: எத்தனை டெஸ்ட் தேவைப்படும் என்பதற்கு அது இன்றும் நல்ல குறி.

பழைய மீறல்களுக்கு, இஎஸ்லிண்ட் 9.24 முதல் உள்ள, இருக்கும் மீறல்களைப் பதிவுசெய்து ஒதுக்கிவைக்கும் சப்ரஸ்-ஆல் வசதியை ஒருமுறை ஓட்டி, உருவாகும் ஜேசன் ஃபைலை கிட்டில் சேருங்கள். பழைய மீறல்களுக்காக பில்ட் நிற்காது, புதிய மீறல் வந்தால் நிற்கும். எரராக உள்ள விதிகளுக்கு மட்டுமே இது செல்லும்.

எண்ணைக் குறைக்க ஃபங்ஷனை பார்ட்1, பார்ட்2 என்று வெட்டாதீர்கள், தயவுசெய்து! உள் லூப்புக்குப் பொருத்தமான பெயர் கிடைக்கிறதா பாருங்கள். கிடைத்தால் அங்கே பிரியுங்கள்.