'மெரிட்' என்ற ஆங்கிலச் சொல்: கேள்வி பதில்

'மெரிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள்களையும் வழக்குகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை): மெரிட் என்றால் மதிப்பெண் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். அகராதியைப் பார்த்தால் தகுதி, சிறப்பு, நற்குணம், புண்ணியம் என்று என்னென்னவோ இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: எல்லாமே சரிதான், அவற்றின் வேர் ஒன்று. இலத்தீனில் 'மெரேரி' என்ற வினைக்கு ஈட்டுதல், ஒன்றுக்கு உரியவராதல் என்று பொருள். படைவீரர் ஊதியம் ஈட்டுவதைச் சொல்லவும் அந்த வினை வழங்கியது. பணிக்காலத்தை முடித்து விடைபெற்ற உரோமானிய வீரருக்கு 'எமெரிட்டஸ்' என்று பெயர். ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் பெயரோடு இன்று சேர்ந்து வருவதும் இதே சொல்தான். பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டை ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோது, நற்செயல்களால் ஒருவர் சேர்த்துக்கொள்ளும் ஆன்மிகப் பலன் என்ற சமயப் பொருளே 'மெரிட்'டில் முன்னின்றது. பாராட்டுக்கு உரிய தன்மை, ஒரு பொருளிலோ கருத்திலோ உள்ள நன்மை ஆகிய பொருள்கள் அதிலிருந்து விரிந்தவை. ஆக, எந்த இடத்தில் இச்சொல்லைக் கண்டாலும் 'இது எதனால் ஈட்டப்பட்டது, எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது' என்று கேட்டுப் பார்த்தால் பொருள் தெளிவாகிவிடும். மதிப்பெண் என்பது அப்படிப்பட்ட அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. நம் ஊரில் சேர்க்கைக் காலத்தில்தான் இச்சொல்லை அதிகம் கேட்கிறோம் என்பதால் மதிப்பெண்ணே அதன் முழுப்பொருள் என்று தோன்றிவிடுகிறது.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர் ஒருவர்): தமிழில் 'தகுதி' என்று எழுதினால் போதாதா?

பதில்: பல இடங்களில் போதாது. 'எலிஜிபிலிட்டி' என்பதற்கும் நாம் 'தகுதி' என்றே எழுதுகிறோம் என்பதுதான் சிக்கல். ஆசிரியர் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரில் இருப்பது எலிஜிபிலிட்டி. நீட் தேர்வின் ஆங்கிலப் பெயரிலும் அதுவே இருக்கிறது. எலிஜிபிலிட்டி ஒரு வாசற்படி. ஒருவர் அதைத் தாண்டியிருப்பார் அல்லது தாண்டாதிருப்பார், இடைநிலை கிடையாது. மெரிட் அப்படியன்று, அது கூடவும் குறையவும் கூடியது, ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட இடம் தருவது. 2023இல் முதுநிலை மருத்துவக் கலந்தாய்வின் பிற்பகுதியில் தகுதி வரம்பைப் பூஜ்ஜிய பெர்சென்டைல் வரை இறக்கினார்கள். தேர்வு எழுதிய எவரும் எலிஜிபிள் என்று அதற்குப் பொருள். அப்போதும் இடங்கள் தரவரிசைப்படியே நிரப்பப்பட்டன. இரண்டையும் 'தகுதி' என்றே எழுதினால் இந்தச் செய்தி வாசகருக்கு விளங்கவே விளங்காது.

'மெரிட் லிஸ்ட்' என்பதைத் தமிழ் நாளிதழ்கள் 'தரவரிசைப் பட்டியல்' என்று எழுதுவது நல்ல தேர்வு. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வின் தமிழ்ப் பெயரில், மெரிட் 'திறன்' என்று வந்திருக்கிறது, அதுவும் பொருத்தமே. ஒரு யோசனையின் மெரிட் என்றால் 'நன்மை' அல்லது 'வலு' என்று எழுதலாம். எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டால் மொழிபெயர்ப்பு எளிதாகும்.

கேள்வி (பொறியியல் கலந்தாய்வை எதிர்நோக்கும் மாணவர், இதையே வேறு சிலரும் கேட்டுள்ளனர்): 'மெரிட் சீட்', 'மெரிட்டில் கிடைத்தது' என்று சொல்வது ஓ.சி. பிரிவைத்தானா?

பதில்: இந்த வழக்குக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. தனியார் கல்லூரியில் சேர்ந்த மாணவர் 'எனக்கு மெரிட்டில் கிடைத்தது' என்று சொன்னால், நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேரவில்லை, கலந்தாய்வு வழியாக வந்தேன் என்று பொருள். இந்த வழக்கில் தவறில்லை. கலந்தாய்வில் இடம்பெற்ற எந்தப் பிரிவினரும் இதைச் சொல்லலாம்.

ஓ.சி. இடங்களை மட்டும் 'மெரிட் இடங்கள்' என்று அழைப்பது வேறு. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு போக எஞ்சிய 31 விழுக்காடு, ஓப்பன் காம்பெட்டிஷன், அதாவது அனைவருக்குமான பொதுப்போட்டி. அது எந்தச் சாதிக்கும் உரிய பங்கன்று. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவர் பொதுப்போட்டிக்குரிய மதிப்பெண் பெற்றால், அந்த 31க்குள்ளேயே இடம் பெறுவார். அவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1992ஆம் ஆண்டின் இந்திரா சாஹ்னி வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஒதுக்கீட்டு இடங்களும் குலுக்கல் முறையில் தரப்படுவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தரவரிசை உண்டு. அந்தந்தப் பட்டியலில் முன்னிற்பவரே முதலில் இடம் பெறுகிறார். எனவே ஒரு பகுதியை மெரிட் என்றும் மறுபகுதியை மெரிட் அல்லாதது என்றும் பிரிப்பது சொல்லளவிலேயே தவறு. அந்தப் பிரிப்பு பதினேழு வயது மாணவர்களைச் சக மாணவர்கள் முன்னால் கூனிக் குறுக வைப்பதால், இதை வெறும் சொற்பிழை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

மாநிலங்கள் மருத்துவ இடங்களில் ஒரு பகுதியை மத்தியத் தொகுப்புக்கு விட்டுத்தரும் அகில இந்திய ஒதுக்கீட்டில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழங்கியது செல்லும் என்று 2022 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இச்சொல்லையே எடுத்து ஆராய்ந்தது. போட்டித் தேர்வில் ஒருவர் காட்டும் திறமையோடு மெரிட்டைச் சுருக்கிவிட முடியாது, சில வகுப்பினர் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவந்த சமூக, பொருளாதார, பண்பாட்டு வாய்ப்புகளைத் தேர்வு மதிப்பெண் காட்டுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஈட்டுதல் என்ற வேர்ப்பொருளை நினைத்துப் பார்த்தால் இது நியாயமாகவே படுகிறது. ஈட்டியது எவ்வளவு என்று அறிய, எங்கிருந்து தொடங்கினார் என்பதும் தெரிய வேண்டும்.

கேள்வி (ஓய்வூதியர் ஒருவர்): பணப்பலன் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தேன். என் கோரிக்கையை 'ஆன் மெரிட்ஸ்' பரிசீலித்து 12 வாரங்களில் முடிவெடுக்குமாறு உத்தரவு வந்திருக்கிறது. என் கோரிக்கையில் மெரிட் இருப்பதாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ள முடியாது. நீதிமன்ற வழக்கில் பன்மையில் வரும் 'மெரிட்ஸ்' என்பது பாராட்டுச் சொல் அன்று. ஒரு கோரிக்கையின் உள்விவரம், அதாவது உண்மைகள், ஆவணங்கள், அவற்றுக்குப் பொருந்தும் விதிகள் ஆகியவற்றின் தொகுதிக்கே அப்பெயர். காலதாமதம், அதிகார வரம்பு போன்ற வாசல்நிலைக் காரணங்களைச் சொல்லித் திருப்பி அனுப்பாமல், உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதே அதிகாரிக்கு இடப்பட்ட கட்டளை. பெரும்பாலும் அதை அடுத்து 'சட்டத்துக்கு உட்பட்டு' என்ற தொடரும் இருக்கும். படித்துப் பார்த்தபின் அதிகாரி மறுக்கவும் கூடும். ஆனால் மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணத்தை எதிர்த்து நீங்கள் மீண்டும் நீதிமன்றம் செல்லலாம். ஆகவே பணி ஆணைகள், ஊதிய நிர்ணய ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை இப்போதே மனுவோடு மீண்டும் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமையில் வரும்போது பொருள் மாறும். 'மனுவில் மெரிட் இல்லை' என்று நீதிபதி எழுதினால், உள்ளே பார்த்தாயிற்று, வலு இல்லை என்று பொருள். 'மெரிட்ஸுக்குள் செல்லவில்லை' என்று எழுதினால், உள்ளே பார்க்கவே இல்லை என்று பொருள். இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது. மேல்முறையீடு செய்ய அனுமதி கோரும் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் கூறாமல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தால், கீழ் நீதிமன்றத் தீர்ப்பை அது உறுதி செய்ததாக ஆகாது என்று 2000ஆம் ஆண்டின் குன்ஹயம்மது வழக்கில் விளக்கப்பட்டிருக்கிறது. செய்தித்தாளில் 'உச்ச நீதிமன்றம் ஏற்றது' என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால் இதைக் கவனித்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி (ஆங்கில ஆசிரியை): வினைச்சொல்லாக 'மெரிட்' வரும்போது 'டிசர்வ்' என்பதற்கு மாற்றாக எங்கும் போடலாமா?

பதில்: எங்கும் போட முடியாது. 'டிசர்வ்' என்பதற்குப் பின் 'டு' சேர்த்து வினை எழுதலாம். 'ஷி டிசர்வ்ஸ் டு வின்' என்பது இயல்பான வாக்கியம். 'ஷி மெரிட்ஸ் டு வின்' என்று இன்றைய ஆங்கிலத்தில் எழுதுவதில்லை. மெரிட்டுக்குப் பின் பெயர்ச்சொல் நேராக வரவேண்டும்: 'தி ப்ரபோசல் மெரிட்ஸ் அட்டென்ஷன்.' 'மெரிட்ஸ் ஃபார் அட்டென்ஷன்' என்பதும் பிழை. மேலும் எழுவாயாக ஆளைவிட யோசனை, புகார், ஆய்வு போன்றவை வருவதே வழக்கம். பேச்சில் டிசர்வ், அலுவலகக் குறிப்பிலும் அறிக்கையிலும் மெரிட் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

கேள்வி (அதே ஆசிரியை): 'மெரிட்ஸ் அண்ட் டிமெரிட்ஸ்' என்று வினாத்தாள்களில் வருகிறதே, அது சரியா?

பதில்: இந்திய ஆங்கிலத்தில் நிலைபெற்ற தொடர், பிழை என்று அடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது 'அட்வான்டேஜஸ் அண்ட் டிஸட்வான்டேஜஸ்' என்று எழுதுவது நல்லது, ஏனெனில் பிற நாடுகளில் 'டிமெரிட்' என்றவுடன் தண்டனைப் புள்ளிதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் 24 மாதங்களுக்குள் 24 டிமெரிட் புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்படும் என்பது அங்கு வண்டி ஓட்டும் தமிழர்களுக்குத் தெரிந்த கணக்கு. வியப்பான செய்தி, 'டிமெரிட்' ஒரு காலத்தில் 'மெரிட்' என்ற பொருளையே தந்தது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ தன் பெருமையைச் சொல்ல அதைத்தான் ஆள்கிறான்.

கேள்வி (கொழும்பிலிருந்து ஒருவர்): பௌத்த நூல்களின் ஆங்கிலப் பெயர்ப்புகளில் 'மெரிட்' அடிக்கடி வருகிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: பாலியில் 'புஞ்ஞ', சிங்களத்தில் 'பின்' என்று வழங்கும் புண்ணியமே அது. இறந்தவருக்காகத் தானம் கொடுத்து, அதன் பலனை அவருக்கு அளிப்பதை 'டிரான்ஸ்ஃபர் ஆஃப் மெரிட்' என்று எழுதுவார்கள். கர்ணன் தன் புண்ணியத்தைத் தாரை வார்த்துக் கொடுத்த கதையை அறிந்த நமக்கு இதில் விளக்க வேண்டியது அதிகமில்லை. இப்பொருளில் சொல் பெரும்பாலும் ஒருமையில் நிற்கும். 'மெரிட்ஸ்' என்று பன்மையாக்கினால் நன்மை தீமைப் பட்டியல் போலாகிவிடும்.

கேள்வி (மின்வாரிய ஊழியர்): எங்கள் துறையில் 'மெரிட் ஆர்டர்' என்கிறோமே?

பதில்: ஒரு யூனிட்டுக்கான மாறும் செலவு (எரிபொருள் செலவு போன்றது) குறைந்த மின் நிலையத்திலிருந்து முதலில் மின்சாரம் எடுக்கும் வரிசை அது. அங்கே அளவுகோல் விலை மட்டுமே.

கேள்வி (கல்லூரி மாணவர்): 'மெரிட்டோகிரசி' நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?

பதில்: திறமையுள்ளவர்களே மேலே வரும் சமூக ஏற்பாட்டைக் குறிக்கும் இது, பிறப்பிலேயே கண்டனச் சொல். 1956இல் ஆலன் ஃபாக்ஸ் என்ற சமூகவியலாளர் அதைக் குறைகூறும் பொருளில் எழுதினார். 1958இல் மைக்கேல் யங் என்ற பிரிட்டானிய சமூகவியலாளர், அறிவுக்கூர்மையும் முயற்சியும் மட்டுமே ஆளும் ஒரு எதிர்காலச் சமூகத்தை அங்கதமாகத் தீட்டி அதைப் பரப்பினார். வென்றவர்கள் தம் வெற்றி முழுவதும் தமக்கே உரியதென்று செருக்குற, தோற்றவர்களுக்குத் தம்மையே நொந்துகொள்வதைத் தவிர வழியில்லாமல் போகும் என்பது அவருடைய அச்சம். அரசியல்வாதிகள் அதைப் புகழ்ச்சொல்லாக்கிவிட்டதை எதிர்த்து 2001இல் அவரே நாளிதழில் கட்டுரை எழுதினார். இன்று இரண்டு பொருளிலும் வழங்குவதால், கட்டுரையில் எடுத்தாளும்போது எப்பொருளில் சொல்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (வேலைக்கு விண்ணப்பிப்பவர்): 'ஐ வாஸ் செலக்டெட் ஆன் மெரிட் பேசிஸ்' என்று விண்ணப்பத்தில் எழுதலாமா?

பதில்: 'பேசிஸ்' தேவையில்லை, 'ஐ வாஸ் செலக்டெட் ஆன் மெரிட்' என்பதே போதும். அதற்குப் பின் எந்தத் தேர்வில், எத்தனையாவது இடம் என்பதையும் எழுதிவிடுங்கள்.